தும்பைப்பூ வரலாறு

தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரிலே தோன்றித் திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான், திருப்புகலூர் முருக நாயனாரின் வரலாறு கூறுமிடத்து இறைவனுக்குரிய பூக்களை நால்வகையாகப் பகுத்தோதினார். மரக்கொம்பிற் பூப்பது கோட்டுப்பூ; கொடியிற் பூப்பது கொடிப்பூ; நீரிற் பூப்பது நீர்ப்பூ; நிலத்தை யொட்டி வளரும் சிறு செடிகளிலும் பூடுகளிலும் பூப்பது நிலப்பூ. நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, இந்நால்வகைப் பூக்களையும் கொய்து வெவ்வேறு கூடைகளில் அமைத்து, வகைவகையான மாலைகளாகத் தொடுத்து இறைவனுக்கு அணிவித்தார் என்பது அவ்வரலாறு. பூசைக்குரிய பூவை வகையறிந்து கொய்தல் வேண்டும் என்பதும், வெவ்வேறு வகைகளைத் தம்முட் கலத்தலாகாது என்பதும் இதனாற் போதரும்.

இந்நால்வகையுள் நிலப்பூவே மக்களால் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது. கோட்டுப்பூவிற்கு மரமும், கொடிப்பூவிற்குப் பந்தரும், நீர்ப்பூவிற்குக் குளமும் வேண்டும். அவை கண்ணுக்குத் தோன்றி நிற்பன. நிலப்பூவோ காலடியிற் கிடப்பது. அவற்றுள்ளும் சிவபெருமான் திருமுடிக்கு உரியதென்று பழந்தமிழ் நூல்களாலும் திருமுறைகளாலும் போற்றப்பெறும் தும்பை, வழியோரத்துக் களை என்றே இக்காலத்துப் பலராலும் கருதப்படுகின்றது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும், அதனை அடுத்த பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் முதலிய ஊர்களும் இப்பூடு இயல்பாக வளரும் நிலத்தன. அப்பூடு யாது, எங்கெங்கு வளர்வது, அதனை அறிஞர் அறிந்த வரலாறு யாது, அது சிவபூசைக்குச் சிறந்ததானது எதனால் என்பவற்றை முறையே ஆராய்தல் பயனுடைத்து.

முதலில் அதன் உருவம். தும்பை ஓராண்டே வாழும் பூடு. அரையடி முதல் இரண்டடி வரை வளரும்; அடியினின்றே கிளைக்கும். அதன் தண்டு உருண்டையன்று, நாற்பட்டையானது. கையால் தடவினால் சிறு மயிர்கள் உறுத்தும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். குறுகி நீண்டு, நுனி மழுங்கி, ஓரத்தில் இடையிட்ட பற்களுடையனவாய், ஓர் அங்குலம் முதல் மூன்றங்குலம் வரை நீளமுடையன. பூக்கள் காம்பின்றிக் கணுக்களிலும் கிளை நுனியிலும் வட்டமாகச் செறிந்து கொத்தாய் நிற்கும். ஒவ்வொரு பூவிற்கும் பச்சை நிறமுடைய புறவிதழ்க் குழல் ஒன்று உண்டு. அது சிறிதே வளைந்து, சாய்ந்த வாயும் அவ்வாயைச் சூழ்ந்த சிறு பற்களும் உடையது. அக்குழலினின்றும் தூய வெள்ளைநிற அகவிதழ் வெளிப்படும். அவ்வகவிதழ் இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். மேலுதடு சிறியது, வெள்ளிய பஞ்சு போன்ற மயிர் போர்த்தது. கீழுதடு அதனினும் ஏறத்தாழ இருமடங்கு நீண்டு விரிந்தது. நான்கு மகரந்தத்தாள்கள் மேலுதட்டின்கீழ் ஒதுங்கி நிற்கும். அவற்றுள் இரண்டு நெடியன, இரண்டு குறியன. பூ உதிர்ந்தபின் குழலின் அடியில் நான்கு சிறு விதைகள் பழுப்பு நிறமாய் முதிரும்.

இப்பூவைக் கொய்வோர் கொத்தைப் பறிப்பதில்லை. ஒவ்வோர் அகவிதழையும் தனித்தனியே மெல்ல உருவி எடுப்பர். பச்சைக் குழல் செடியிலேயே நின்றுவிடும். தொட்ட அளவிற் கழன்றுவரும் இயல்பினதாகலின், வெயிலேறினாற் பல தாமே நிலத்தில் உதிரும். நிலத்தில் வீழ்ந்த பூ பூசைக்குப் பொதுவாக விலக்கப்படுதலின், தும்பை கொய்வோன் விடியற்காலையிலேயே செல்ல வேண்டியவனாகின்றான். ஒரு கூடை நிரம்ப நூற்றுக்கணக்கான முறை குனிந்து கையால் உருவுதல் வேண்டும். பொருட்செலவு சிறிதும் இல்லாத இப்பூ உடலுழைப்பைப் பெரிதும் கேட்பது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

நாற்பட்டைத் தண்டும், எதிரிலையும், இரண்டு உதடுடைய பூவும், நான்கு விதையும் துளசிக்கும் உள்ளன. ஆகலின் மரநூலார் தும்பையையும் துளசியையும் ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணுவர். திருமாலுக்குச் சிறந்த துளசியும் சிவபிரானுக்குச் சிறந்த தும்பையும் தம்முள் உறவின என்பது அறிந்து மகிழத்தக்கது.

இனித் தும்பை என்னும் பெயர் பல செடிகளுக்கு வழங்குதலின் மயக்கம் நேர்தல் உண்டு. காசித்தும்பை என்பது தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்பெறும் வேறு குடும்பத்துச் செடி. அதன் பூ செந்நிறம், ஊதா, வெள்ளை எனப் பல நிறத்தது. அதன் முற்றிய காய் தொட்ட அளவில் வெடித்து விதை தெறிக்கும். கவிழ்தும்பை என்பது நிலம் நோக்கிக் கவிழ்ந்த இளநீலப் பூவுடையது. கழுதைத்தும்பை எனவும் படும். அதுவும் வேறு குடும்பத்ததே. வடமொழியார் துரோணபுட்பி என்பது தும்பையினத்துச் செடியையே. எனினும் வடநாட்டில் அப்பெயர், பெரிய உருண்டைக் கொத்தில் பூக்கும் மற்றொரு தும்பையினத்திற்கே மிகுதியும் வழங்குகின்றது. தும்பையினத்தில் உலகெங்கும் ஏறத்தாழ நூறு வகைகள் உள. அவற்றுட் சில தமிழ்நாட்டிலும் வளர்தலின், இலையின் அகலமும், புறவிதழ்க் குழலின் வாய் சாய்ந்துள்ளதா நேரே உள்ளதா என்பதும் நோக்கியே இன்னதெனத் துணிதல் வேண்டும். தமிழ் மக்கள் வெண்மைக்கு உவமையாகத் தும்பைப்பூவைக் கூறுவர். தூய வெள்ளாடையைத் தும்பைப்பூப் போன்றது என்பர். வண்ணப் பூவுடைய எதுவும் அத்தும்பையன்று என்பதற்கு இவ்வழக்கே சான்று.

தும்பை வளரும் இடங்கள் பல. இந்தியாவின் சமவெளிகள் பெரும்பாலனவற்றிலும், இலங்கையிலும், வங்கதேசத்திலும், கீழ்த்திசைத் தீவுகளாகிய சாவகம், பிலிப்பைன்சு ஆகியவற்றிலும், மொரீசியசுத் தீவிலும் அது காணப்படுகின்றது. அடர்ந்த காட்டின் நிழல் அதற்கு ஒவ்வாது. உயர்ந்த மலைச்சிகரங்களும் அதற்கு உரியனவல்ல. வெயில் படும் வெற்றுநிலம், வழியோரம், வயல்வரப்பு, ஏரிக்கரை, இருப்புப்பாதையின் சரிவு, உழுது விட்ட தரிசு, பழங்கோயிலின் வெளிப்பிராகாரம் என்பனவே அதன் வாழிடம். தாம்பரத்தைச் சூழ்ந்த நாடு இவ்வாழிடத்திற்கு மிகப் பொருந்தியது. பரங்கிமலை, பல்லாவரம், திருச்சூலம் முதலிய குன்றுகள் சார்னோக்கைட்டு என்னும் மிகப் பழைய கரும்பாறையால் ஆயவை. அக்குன்றுகளைச் சூழ்ந்து செம்மண்ணும் சரளையும் கிடக்கின்றன; தாழ்விடங்களில் ஏரிகள் அமைந்துள்ளன; கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு விரிந்துள்ளது. ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களிற் பெய்யும் வடகீழ்ப் பருவமழையே. அம்மழையால் முளைவிடும் தும்பை, பனிக்காலத்தில் மிகுதியாகப் பூத்து, மாசித் திங்களில் மகாசிவராத்திரி வருங்கால் கூடை நிறையக் கொய்யும் அளவிற்கு நிற்கும். நீர் தேங்காத ஈரமுள்ள இடத்தில் ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகப் பூத்தலும் உண்டு.

இப்பூட்டினை மேலைநாட்டார் அறிந்த வரலாறும் சென்னையோடு தொடர்புடையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன் என்பார், கோட்டையைச் சூழ்ந்த ஊர்களின் செடிகளை உலர்த்தி, அவற்றின் தமிழ்ப்பெயர்களையும் எழுதி இலண்டனுக்கு விடுத்தார். அங்கே சேம்சு பெடிவர் என்பார் அவற்றைப் பற்றிய குறிப்புகளை வேத்தியற் கழகத்தின் வெளியீடுகளில் அச்சிட்டார். அவ்வுலர்செடிகள் இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் இன்றும் உள்ளன. சென்னையைச் சூழ்ந்த நாட்டின் செடிகள் மேலைநாட்டு நூல்களில் தம் தமிழ்ப்பெயரோடு முதலில் ஏறியது இவ்வாறே. அப்பெயர்களைச் சொல்லியவர்கள் இந்நாட்டு மக்களே என்பது வெளிப்படை.

பின்னர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்பார், செடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை வகுத்த இலின்னேயரின் மாணவர். அவர் தொடங்கிய ஆராய்ச்சியைத் தரங்கம்பாடிப் பாதிரிமார் சிலர் வளர்த்தனர். அவருள் ஒருவராகிய இராட்லர் 1776இல் இந்நாடு போந்து, பிற்காலத்தே சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836இல் மறைந்தார். செடிகளைத் தொகுத்த அவரே தமிழ் ஆங்கில அகராதி ஒன்றும் தொகுத்தார். அது 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. செடியை அறிய முற்பட்டவர் சொல்லையும் அறிய வேண்டியவரானார் என்பதற்கு அவர் வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

தும்பைக்கு இக்காலத்து மரநூற் பெயர் அமைந்தது செருமனி நாட்டுப் பெர்லின் நகரிலே. 1809இல் வில்தெனோ என்பார் அந்நகரத்துத் தோட்டச் செடிகளை எண்ணித் தொகுத்த நூலில் இதனைப் புலோமிசு என்னும் இனத்துள் வைத்தார். 1810இல் இராபர்ட்டு பிரவுன் என்பார் லியூகாசு என்னும் புதிய இனத்தை வகுத்தார். 1822இல் லிங்கு என்பார் தும்பையை அவ்வினத்துக்கு மாற்றினார். அது முதல் லியூகாசு ஆசுபெரா என்பதே அதன் பெயர். லியூகாசு என்பது வெண்மை குறித்த கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. ஆசுபெரா என்பது சொரசொரப்புடையது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கண்ணாற் கண்ட வெண்மையும் கையாற் கண்ட சொரசொரப்புமே பெயராயின. இருபதாம் நூற்றாண்டில் கேம்பிள், பிசர் என்பார் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணச் செடிநூலும், 1929இல் மயூரநாதன் எழுதிச் சென்னை அரசினர் காட்சிசாலை வெளியிட்ட சென்னைச் சுற்றுப்புறச் செடிநூலும் இப்பகுதியின் பூடுகளை முறைப்படுத்தின. 1937இல் தாம்பரம் சேலையூர்க் காட்டிற்கு மாறிய கிறித்துவக் கல்லூரியில் வேதிநூற் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்சு என்பார், தம் துறை வேறாயினும் செடிநூலில் ஆழ்ந்த பயிற்சியுடையவராய் அக்கல்லூரிக் காட்டைப் பேணி வளர்த்தார்.

மேலைநாட்டார் பெயரிடுதற்குப் பன்னூறாண்டுகள் முன்னரே தமிழர் தும்பையை நன்கறிந்திருந்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்பெறும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் தும்பையும் ஒன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் ஒரு திணைக்கே தும்பை எனப் பெயர் அமைந்தது. ஏனைத் திணைகளோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வெட்சி பசுநிரை கொள்ளுதற்கு. வஞ்சி மண் கொள்ளுதற்கு. உழிஞை அரண் கொள்ளுதற்கு. தும்பையோ இவற்றுள் எதனையும் கொள்ளுதற்கன்று. வீரம் ஒன்றே பொருளாக வந்த வேந்தனை மற்றொரு வேந்தன் எதிர்சென்று பொருவது அத்திணை. பெறும்பொருள் வேறின்றிச் செய்யும் போருக்கு அடையாளப் பூவாகப் பண்டையோர் தேர்ந்தது, விலைபெறாத இவ்வெண்பூவே.

சிவபெருமானுக்கு இது சிறந்ததற்கும் காரணம் இவ்வாறே கருதத்தக்கது. தேவாரத்துள் கொன்றை, எருக்கு, ஊமத்தம் என்பவற்றோடு தும்பையும் இறைவன் திருமுடிக்கணியாகப் பாடப்பெற்றுள்ளது. இவற்றுட் பல யாரும் நட்டு வளர்க்காதவை. யாரும் விரும்பிச் சூடாதவை. பிறர் கொள்ளாதவற்றைக் கொண்டருளுதல் இறைவன் இயல்பு. பிறர் அஞ்சும் பாம்பையும், பிறர் ஒழிக்கும் சாம்பரையும், தேய்ந்து வந்த திங்களையும் ஏற்றவன், பிறர் மிதிக்கும் பூவையும் ஏற்றான் என்க. அட்டபுட்பம் எனப் பெரும்பாலும் எண்ணப்பெறும் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்னும் எட்டனுள் தும்பை இடம்பெறவில்லை. ஆயினும் அவ்வெட்டும் பெறாத ஏழை அடியவனுக்கும் எளிதில் எய்துவது தும்பையே. செல்வன் நந்தவனம் வைப்பான். நந்தவனத்துக்கு நிலமும் நீரும் காவலும் வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் திருப்பள்ளித்தாமத்துக்கும் திருநந்தவனத்துக்கும் நிலம் விட்ட செய்திகளை மிகுதியும் கூறுவது இதனாலே. தும்பைக்கு நிவந்தம் வேண்டுவதில்லை. மழையே அதற்கு நிவந்தம்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்தோறும் புல்லும் பூடும் செதுக்கித் திருத்தொண்டு செய்தருளினார். கோயில் வெளியில் முளைக்கும் தும்பையும் அப்பூடுகளுள் ஒன்றன்றோ, அதனைக் களைதலன்றோ தொண்டு எனின், அற்றன்று. உழவாரம் வழியை அடைப்பதையும் மதிலைப் பிளப்பதையும் களைதற்கு உரியது. பூசைக்கு உதவுவதை அழித்தற்கு உரியதன்று. களை என்பது செடியின் சாதியைக் குறித்ததன்று, இடத்தைக் குறித்தது. திருவுலாப் போதும் வழியில் நின்றால் தும்பையும் களை; மதிலோரத்து நின்றால் அதுவே திருப்பள்ளித்தாமம். திருநாவுக்கரசர் பெருமையால் சைவஞ் சார்ந்த பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். அவ்வேந்தன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று பல்லாவரத்துக் குன்றில் உளது. அவன் பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. பிற்காலத்தே அஃது இசுலாமியர் வழிபாட்டிடமாயிற்று. பாறையிற் குடைந்தது கை மாறிற்று. அக்குன்றின் அடியில் மழைதோறும் முளைக்கும் தும்பை மாறவில்லை. ஆண்டு ஒன்றில் மடியும் பூடு, விதையின் வழியே, அரசர் வைத்த கல்லினும் உறுதியாகத் தன் மரபைக் காத்தது.

ஆனால் அவ்வுறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. தும்பைக்கு உரிமையாளர் இல்லை; ஆகலின் உரிமையாளர் இல்லாத நிலமே அதற்கு உறைவிடம். தாம்பரத்தின் வரலாறோ அத்தகைய நிலம் சுருங்கிய வரலாறாகும். 1928இல் மருத்துவர் சௌரிமுத்து என்பார் காசநோய் மருத்துவநிலையத்தைத் தாம்பரத்தில் நிறுவியபொழுது, அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் திறந்த வெளியும் தூய காற்றுமே. 1931இல் சென்னைக் கடற்கரையினின்று தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. அதன் வழியே ஊர்கள் நெருங்கின. தோப்பும் தரிசும் மனைகளாயின. மந்தைவெளியும் வண்டிப்பாதையும் தெருக்களாயின. 2021இல் பல்லாவரம் முதலிய நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மக்கள் குடியிருப்பு வேண்டுவதே. அதனைக் குறைகூறுதல் கருத்தன்று. ஆயின் வழியோரம் முழுதும் கல் பாவப்பட்டு, வீட்டு முற்றமும் கோயில் முற்றமும் சிமெண்டுத் தளமாக, எஞ்சிய மண்ணிலும் களைக்கொல்லி தெளிக்கப்படின், தும்பைக்கு ஊன்றுதற்கு ஒரு சாண் நிலமும் இல்லாதொழியும்.

தும்பை அழிந்தொழியும் இனமன்று. கிறித்துவக் கல்லூரியின் 360 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டின் ஓரங்களிலும், 1985இல் வண்டலூரில் அமைந்த விலங்குக் காட்சிசாலையைச் சூழ்ந்த காட்டு வெளிகளிலும், ஏரிக்கரைகளிலும் அது வாழத்தக்க இடம் இன்னும் உண்டு. அழிவது செடியன்று, அடியவனுக்கும் செடிக்கும் இடையேயிருந்த வழியே அழிகின்றது. வீட்டினின்று புறப்பட்டுக் கோயிலுக்குச் செல்லும் வழியிற் குனிந்து கொய்த பூ, காவலிட்ட காட்டினுள் ஒதுங்கிற்று. விழாநாட்களிற் கூறுகட்டி விற்பாரிடம் அது கிடைத்தல் உண்டு. நாள்தோறும் கிடைப்பது அரிது. பொருளில்லாதவனுக்கென்று அமைந்த பூவிற்கும் விலை ஏற்படின், அதன் தனிச்சிறப்பு யாது ஆகும்?

பூ இல்லாவிடின் என்னை, உள்ளமே போதும் என்பார் உளர். மயிலாப்பூரில் வாழ்ந்த வாயிலார் நாயனார் மனத்தின்கண்ணே கோயில் அமைத்து, அன்பையே அமுதாக ஊட்டி வழிபட்டு முத்தி பெற்றார் என்பது உண்மையே. அஃது அவர்தம் பக்குவத்தின் உயர்வு. ஆனால் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் சரியையாகிய தாதமார்க்கத்தை வகுக்குமிடத்துத் திருக்கோயில் அலகிடுதல், மெழுகுதல் என்பவற்றோடு பூக்கொய்து மாலை தொடுத்தலையும் எண்ணினார். சரியை முதற்படி. முதற்படியை இடித்துவிட்டு மேற்படியில் ஏறுக என்று குழந்தைக்குக் கூறுதல் அறமன்று. விடியலில் எழுதலும், நீராடலும், குனிதலும், ஒவ்வொன்றாகப் பூவை உருவுதலும், கசக்காமற் காத்தலும் உடம்பை வணக்குந் தொண்டுகள். உடம்பு வணங்கியபின்னரே உள்ளம் வணங்கக் கற்கின்றது. தும்பை இதனைச் செவ்வனே கற்பிப்பது. உயர்ந்து நிற்போன் கைக்கு அஃது எட்டாது, தாழ்ந்தார்க்கே எட்டும்.

இதற்குச் செய்யத்தக்கது பெரிதன்று. திருவான்மியூர் மருந்தீசர் கோயில், திருச்சூலம் திருச்சூலநாதர் கோயில் போன்ற பழங்கோயில்களிலும், தெருத்தோறும் எழுந்துள்ள புதுக்கோயில்களிலும், மதிலோரத்தில் ஒரு சிறு நிலம் கல் பாவாது விடப்படுதல் வேண்டும். உழவாரப்பணி செய்யும் அன்பர் தும்பையை இனங்கண்டு, பூத்து விதை உதிர்ந்தபின்னரே அவ்விடத்தைத் திருத்துதல் வேண்டும். விதை முற்றுமுன் களைந்தால் அடுத்த ஆண்டு முளை இல்லை. முற்றியபின் களைந்தால் தானே முளைக்கும். காசித்தும்பை, கவிழ்தும்பை என்பவற்றினின்று இதனை வேறுபிரித்து அறியச் சிறுவர்க்குக் கற்பித்தல் வேண்டும். தாம்பரத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் மூலிகை என்னும் முறையில் இது பேணப்படலாம். ஆயின் மருந்தென்று பேணுதல் வேறு, மலரென்று பேணுதல் வேறு. பின்னது சைவ மக்களின் கடன்.

குன்றத்தூர்ச் சேக்கிழார் நிலப்பூவைத் தனிக்கூடையில் வைத்துப் போற்றினார். அக்கூடை வறிதாகாமற் காப்பது அவர் பிறந்த நாட்டில் வாழ்வார்க்கு உரிய திருத்தொண்டு. மண் ஒரு சாண் இருப்பின் மழை பெய்யும். மழை பெய்யின் தும்பை முளைக்கும். அது முளைப்பின் பொருளில்லாதவனும் வெறுங்கையனாய் இறைவன் திருமுன் நில்லான்.

திருச்சிற்றம்பலம்.